கோர்ட்டுக்கு வரும் குடும்பங்கள் தங்க ஒரு வீடு: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடைய ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாக நாம் வாடகைக்கு வைத்திருக்கும் இரண்டு அறைகளை டிசம்பர் 15க்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். அவர் மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வாடகை ஏற்றினார். யார் வந்து தங்குகிறார்கள் என்று ஒரு நாளும் துருவிக் கேட்டதில்லை. வேறு வீடு தேடி அலைந்தபோதுதான் அந்தக் குணத்தின் அருமை தெரிந்தது. பாலியல் வன்கொடுமை கேஸில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் தங்க என்று சொன்னதுமே ஏழு வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். எட்டாவதாகப் போன வீட்டில், ரிட்டையர் ஆன நர்ஸ் அம்மா ஒருவர், "என் வீடு இதுக்குப் பயன்படாம வேற எதுக்கு?" என்று சொல்லிக் கீழ் வீட்டைப் போக்கியத்துக்குத் தர ஒப்புக்கொண்டார். மூன்று வருடத்துக்கு ஆறு லட்சம். 50,000 அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டாயிற்று. மீதியை டிசம்பர் 10க்குள் கட்டியாக வேண்டும்.

இந்த அறைகள் எதற்கென்று புதிதாகக் கேட்பவர்களுக்காக: பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களும் பிள்ளைகளும், துணைக்கு வரும் வீட்டாரும் சாட்சி சொல்ல வரும்போது இங்கே தங்குகிறார்கள். காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டும். மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வந்து சேர முடியாது. அதனால் முன்னெல்லாம் முதல் நாள் ராத்திரியே வந்து பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தார்கள், குழந்தையை நடுவில் விட்டு, அம்மா ஒரு பக்கம் பாட்டி ஒரு பக்கமாக.

சென்ற ஆடியில் ஒரு பிள்ளை ஸ்கூல் யூனிபார்மோடு வந்தாள். பள்ளிக்கூடம் போவதாக அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அறைக்குள் வந்து வேறு துணி மாற்றிக்கொண்டு, யூனிபார்மை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். அன்றைக்கு விசாரணை நடக்கவில்லை, வாய்தா ஆகிவிட்டது. மத்தியானம் திரும்பி வந்து மறுபடியும் அதே யூனிபார்மைப் போட்டுக்கொண்டாள். அவள் அம்மா கட்டி எடுத்து வந்த தயிர்சோற்று டப்பா திறக்காமலே ஊருக்குப் போயிற்று. இதை நம் கமிட்டித் தாய்மார்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் மூன்று வாய்தாவாவது இருக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரணையை இயன்றவரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல சட்டம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும், இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். கேட்கச் சொல்லி மனு எழுதிக் கொடுப்பதும் நம் வேலைகளில் ஒன்று. ஆனால் நிவாரணம் வரும்போதுதான் வரும். பஸ் சார்ஜ் அன்றைக்கே வேண்டும். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வெளியூர் பஸ்ஸில் எடுத்தாக வேண்டும். மூன்று பேர் வந்து போக, சாப்பிட, போன கூலியில் ஒரு பங்கை ஈடுகட்ட என ஒரு வாய்தாவுக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறோம். போன வருடம் 14 குடும்பங்களுக்கு 61 வாய்தா, 73,200 ரூபாய். வளர்த்த ஆட்டைக் கேஸ் நடத்தவென்று விற்ற தகப்பன்மார் இந்த 14 குடும்பங்களில் உண்டு.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதில்லை என்று பெரியவர்கள் சொல்லச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். 1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். வீடுகளை உடைத்து, கிணற்றைப் பாழாக்கி, ஊராரையே கைதிகளாக்கினார்கள். அந்தச் சமயத்தில் இங்கிருந்து அரிசியும் சேலையும் சேர்த்து எடுத்துப் போனவர்களில் இரண்டு பேர் இன்றும் நம் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்ததே இல்லை என்று அதிகாரிகள் சாதித்த காலம் அது. மலைவாழ் மக்கள் சங்கம் விடாமல் போராடியது, சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி ஹைகோர்ட் அதை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 31 வருடம்! குமரியாகப் போய் நின்றவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அந்தத் தீர்ப்பைக் கேட்டார்கள். அவர்கள் சோர்ந்து போகாமல் நின்றதற்குக் காரணம், 18 பேரும் சேர்ந்து நின்றதும், அவர்களுக்குப் பின்னால் ஆள் இருந்ததும்தான். இன்றைக்குக் கோர்ட்டுக்கு வரும் பிள்ளை தனி ஆளாக வருகிறாள்.

இதுவரை கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் 23 பேர் மாதாமாதம் 100 ரூபாய் தவறாமல் அனுப்புகிறார்கள். சம்பளம் குறைந்த மாதத்திலும் அனுப்பினார்கள். கோயில் வாசலில் பூ கட்டும் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் 50 ரூபாய் கொடுத்து ரசீதுகூட வேண்டாம் என்கிறார். ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் நம் அறையிலிருந்து கோர்ட்டுக்கு ஒரு பைசா வாங்குவதில்லை, கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் இல்லை. மெஸ் வைத்திருக்கும் அண்ணன் அரை விலைக்குச் சாப்பாடு தருகிறார். கேஸ் முடிந்த ஒரு தாய் மலையிலிருந்து இரண்டு படி சாமை கொண்டு வந்து, "அடுத்து வர்றவங்களுக்குப் பொங்கிப் போடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணியவதியை அம்மன் காப்பாளாக.

சிலருக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. "பணம் கொடுத்தோம், யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க, ஒரு போட்டோ கூட இல்ல" என்கிறார்கள். பேரையோ, ஊரையோ, முகத்தையோ வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் சொல்ல மாட்டோம். பேர் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசப் போகிறவர்கள் நாமா, தட்டிக் கழிக்கப் போகிறவர்கள் நாமா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கை நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். தேதி, தொகை, வவுச்சர் எல்லாம் உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. போன வருடம் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 38 நாளில் 11 லட்சம் சேர்ந்தது. நாங்களும் கொடுத்தோம், கையெடுத்துக் கும்பிட்டோம். அதே ஊரில் இந்த வீட்டுக்காக ஆடியிலிருந்து வீடு வீடாக ஏறி 1,32,700தான் சேர்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் திருவிழா வரி வாங்காமல் தள்ளி வைத்த ஊர் நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. பெரிய மனுஷர்கள் கூடி, "ஏதோ வாங்கிக்கிட்டு ராஜியாப் போயிடுங்க" என்று பேசிய திண்ணையில் நம்மில் சிலரும் உட்கார்ந்திருந்தோம். வாய் திறக்காத அந்த நாளுக்காவது நாம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கணக்கு இதுதான். போக்கியம் 6,00,000. கமிட்டி இருப்பு 2,41,500, இப்போது வசூலானது 1,32,700, ஆக 3,74,200. கொடுத்த அட்வான்ஸும் இதில் அடக்கம். பற்றாக்குறை 2,25,800. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வைத்த நல்ல கதவும், தெருவிலிருந்து உள்ளே தெரியாதபடி முன்பக்கத் தடுப்பும் போட 38,000. மொத்தம் 2,63,800 வேண்டும். டிசம்பர் 10 தாண்டினால் அட்வான்ஸும் போய்விடும், வீடும் போய்விடும். டிசம்பரிலேயே ஐந்து குடும்பங்களுக்கு வாய்தா இருக்கிறது.

ஞாயிறு தோறும் காலை 10 முதல் 1 வரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு இருப்பார். வெளியூர்க்காரர்கள் ஊரிலுள்ள சொந்தக்காரர் மூலம் கொடுத்தனுப்பலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வருமான வரிச் சலுகை நம் கமிட்டிக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கமிட்டியார்

பி.கு.: பழைய துணி இப்போது வேண்டாம், நிறைய இருக்கிறது. புதுப் பாய் நான்கு, கொசுவலை இரண்டு, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று தேவை. உதவி வேண்டிய யாரும் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் எந்த நேரமும் கூப்பிடலாம். எங்களிடம் வர விரும்பினால் கமிட்டித் தாய்மார்களில் யாரிடமாவது தனியாகச் சொன்னால் போதும்.