எச்சரிக்கை வந்தால் எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையகத்தில் மழை கனத்தால் மண்சரிவு எச்சரிக்கை இப்போது தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் உடனே வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் டவுனில் தூறும்போது தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் கொட்டித் தீர்க்கும். தோட்டங்களில் மழையை அளந்து எழுதிவைப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அந்தக் கணக்கு கிராம உத்தியோகத்தரின் கைக்குப் போய் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன்களை மண் மூடியது. சனம் பேச்சைக் கேட்கவில்லை என்று அன்று பலரும் குறை சொன்னார்கள். கேட்டிருந்தால் எங்கே போவது? நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியிடம், லயன் அறையில் இருப்பவருக்கோ ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லை. பிரதேச சபையோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் வராமல் நின்றது. அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. சரி, தடை நீங்கிவிட்டதே, இனியாவது சபை ஆபத்தான லயன்களின் பக்கம் வர வேண்டாமா?

பெரிய செலவில்லாத வேலைகளும் கிடக்கின்றன. எங்கள் லயனுக்கு மேலே ஓடும் கானில், அதாவது வடிகாலில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளும் மண்ணும் அடைத்து, தண்ணீர் வழிந்து பின்சுவருக்கு அடியில் இறங்குகிறது. கான் வெட்டத் தோட்டத்தில் ஆள் இல்லை என்கிறார்கள், சபையைக் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்கிறார்கள். சரிவுக்குள் இறங்கும் இந்தத் தண்ணீர்தான் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகும் இப்படியே இருப்பது நியாயமில்லை. ஒக்டோபர் மழைக்கு முன்பே தோட்ட முகாமையாளர், கிராம உத்தியோகத்தர், சபை உறுப்பினர், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அதிகாரி எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு மலையையும் நடந்து பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். நிலத்தில் வெடிப்பு விழுந்தாலும், மரம் சாய்ந்தாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும் முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

அப்புறம், இரவில் எச்சரிக்கை வந்தால் எந்தப் பாடசாலையில் தங்குவது, அதன் சாவி யாரிடம் என்பதை இப்போதே எழுதி லயன் சுவரில் ஒட்டுங்கள். மாறிப்போக வேண்டிய குடும்பங்களுக்கான காணியைப் பிரதேச செயலகமும் கம்பனியும் உட்கார்ந்து பேசி, இந்த வருடத்துக்குள் அளந்து கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதுளை மாவட்ட வாசகர் ஒருவர்