பத்தாயிரத்தில் நாலு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை வெயிலைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்குச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். “காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். அது போய் பூமியைச் சூடாக்குமா? சூரியன்தான் உக்கிரமாகிவிட்டது” என்பது அவர் வாதம். என் பிளஸ் டூ பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்பதால்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்ன அளவு சரி. ஆனால் மீதிக் காற்று என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டுமே. அதில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். வெயிலில் காய்ந்த தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடுகிறது. இந்த இரண்டு வாயுக்களும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மறிப்பவை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிலதான். மறித்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பியும் விடுகின்றன. விஞ்ஞானி ஜான் டிண்டால் இதை 1859-லேயே லண்டனில் அளந்து காட்டிவிட்டார். அதற்கும் முன்பே, 1856-இல், அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடேறுவதையும் ஆற நெடுநேரம் பிடிப்பதையும் எழுதினார். அந்தப் பெண்மணியின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எடைக் கணக்கிலும் பார்ப்போம். மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டருக்குக் கட்டம் போட்டால், அதன் மேல் நிற்கும் காற்று சுமார் 10 டன். அதில் கரியமில வாயு மட்டும் ஆறரைக் கிலோ. நிலக்கரி, பெட்ரோல் எரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நாலரைக் கிலோகூட இல்லை. அன்று பத்து லட்சத்தில் 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயுக்கள் அடியோடு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குப் பதில் மைனஸ் 18 ஆகிவிடும். ஆக, வாயு வேண்டும்தான். கூடிக்கொண்டே போவதுதான் கவலை.

மேலிருந்து வெப்பம் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும், துப்பாக்கி மாதிரியான வெப்பமானியை ராத்திரியில் வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நட்சத்திரம் தெரிகிற பக்கம் எண் விறுவிறுவென்று இறங்கும். மேகத்தின் பக்கம் திருப்பினால் பல டிகிரி ஏறும். அங்கே வேலை செய்வது நீர். கரியமில வாயு, அகச்சிவப்புக் கதிரில் 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய பகுதியில், இதே வேலையைச் செய்கிறது.

சரி, சூரியன்? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதை அளந்து வருகின்றன. பதினோரு வருட ஏற்ற இறக்கம் உண்டே தவிர, மொத்தத்தில் கூடவில்லை. சூரியன் காரணமென்றால் காற்றுமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராடோஸ்பியரும் சூடேறியிருக்க வேண்டும். அதுவோ குளிர்ந்துகொண்டு வருகிறது. பூமி சூடாவதற்கு ஓசோன் ஓட்டையும் காரணமில்லை. அது வேறு கதை. மதுரைக்குள் கண்மாய்களைத் தூர்த்துக் கான்கிரீட் போட்டதால் கூடிய சூடு நிஜம்தான், அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் பெருங்கடல்கள் சூடேறுவதற்கு நம் கண்மாய் பொறுப்பாகாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெப்பம் வெளியேறத் தடை கூடும்போது ராத்திரியும் ஆறாமல் போகிறது. உலகின் பல பகுதிகளில் பகலைவிட இரவு வெப்பம்தான் வேகமாக ஏறியிருக்கிறது. நீங்களோ கோடையில் “மதுரையில் 104 டிகிரி” என்று பகல் கணக்கை மட்டும் பெரிதாகப் போடுகிறீர்கள். மதுரை நகரம், விமான நிலையம் இரண்டின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் வானிலை மையம் தருகிறது. அதையும் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் தினமும் வெளியிடுங்கள். முடிந்தால் இருபது வருடத்துக்கு முன் அதே தேதியில் என்ன பதிவானது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். என் வகுப்பறைச் சுவரில் நாள் தவறாமல் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
திருமங்கலம்.