பழ ஈப் பொறிகளுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

முழங்காவில் பகுதியில் மாமரம் வைத்திருக்கும் நாங்கள், இம்முறை கறுத்தக்கொழும்பான் பழங்களைப் புழுப் பயமின்றிச் சந்தைக்கு அனுப்ப உதவியவர்களுக்கு இம்மடலை எழுதுகின்றோம்.

முதல் நன்றி எமது விவசாயப் போதனாசிரியருக்கு உரியது. முற்றிய காயின் தோலுக்குள் பழ ஈ முட்டையிடுவதையும், சதையைத் தின்று வளர்ந்த புழு பழத்தைவிட்டு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாவதையும், ஆகவே மரத்துக்கு மேலால் அடிக்கும் மருந்து பழத்துக்குள் இருக்கும் புழுவைச் சென்றடையாது என்பதையும் அவர் பழத்தை வெட்டிக் காட்டியே விளக்கினார். பொறிப் போத்தலுக்குள் வைக்கும் கவர்ச்சிப் பொருளான மெதைல் இயூஜினோல் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும், பெண் ஈக்களுக்குப் புரத இரை வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. போத்தலில் குவியும் ஈக்களைக் கண்டு வேலை முடிந்ததென எண்ணிவிடுவது எவருக்கும் இயல்பு என்பதால், அந்த எச்சரிக்கையையே நாங்கள் பெரிதாக மதிக்கின்றோம்.

பசுபிக் கடலிலுள்ள ரோட்டா தீவில் 1960களின் முற்பகுதியில் இதே கவர்ச்சிப் பொருளையும் பூச்சிகொல்லியையும் கொண்டு ஆண் ஈக்களை அழித்தே இந்த இனத்தை இல்லாதொழித்தார்கள். அந்தத் தீவைச் சுற்றிக் கடல் இருந்தது. எங்கள் காணிகளைச் சுற்றி இருப்பதோ கதியால் வேலி. ஒருவர் மட்டும் பொறி கட்டினால் அடுத்த வளவில் கருக்கட்டிய பெண் ஈ வேலி தாண்டி வந்து முட்டையிடும் என்பதால், விற்பனைக்கென ஒரு காய்கூட இல்லாதபோதும் தம் முற்றத்து மரங்களில் பொறி தொங்கவிட இசைந்த அயலவர்களே இம்முயற்சியைத் தாங்கினார்கள்.

வெற்றுப் போத்தல்களைச் சேர்த்துத் தந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கும், செத்த ஈக்களைத் தின்ன எறும்பு ஏறாதபடி கட்டுக்கம்பியில் பூசக் கிறீஸ் தந்த சைக்கிள் கடைக்காரருக்கும் நன்றி.

மாதர் சங்கத்தினரைத் தனியே குறிப்பிட வேண்டும். விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி வெயிலில் போட்டும், மிஞ்சியவற்றை ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்தும் அவர்கள் செய்த வேலைக்குப் படம் பிடிப்பாரும் இல்லை, பாராட்டுவாரும் இல்லை. பொறியை விட இதுவே அடுத்த தலைமுறை ஈக்களைக் குறைத்தது என்பது எமது கணிப்பு.

மிஞ்சிய பொறிப் போத்தல்கள் வாசிகசாலையில் உள்ளன. கொய்யா வைத்திருப்போர் எடுத்துச் செல்லலாம். பாகல், பூசணி செய்வோர் மட்டும் போதனாசிரியரைக் கேட்டபின் கட்டுங்கள். அவற்றைத் தாக்கும் ஈ வேறினம், அதற்குரிய கவர்ச்சிப் பொருளும் வேறு.

இங்ஙனம்,
முழங்காவில் மாமரச் செய்கையாளர்கள்