பாக்கெட் சத்தம் கேட்டால் திரும்பும் வரையாடு

ஆசிரியருக்கு,

ஊட்டி, கொடைக்கானலுக்கு அடுத்து வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தாயிற்று. நல்லதுதான். ஆனால் இ-பாஸ் வண்டிகளை எண்ணும். வண்டியில் வருகிறவர்கள் வழியில் இறங்கி என்ன செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு வழியாக மேலே போனேன். அந்தப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் வரையாடு நிற்கும் என்பது பொள்ளாச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றும் ஒரு தாயும் குட்டியும் தடுப்புச்சுவரை ஒட்டி நின்றன. வளைவிலேயே பத்துப் பன்னிரண்டு கார்கள். ஒரு சிறுவன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை, அந்தச் சரசரப்புக்கே குட்டி தலையைத் திருப்பிவிட்டது. தாய்க்கு முன்னால் அதுதான் ஓடி வந்தது. உணவளிப்பது குற்றம் என்ற பலகை பக்கத்திலேயே இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு ஒருவர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். “வேண்டாம் தம்பி” என்றேன். “ஒரு சிப்ஸ்தானே சார்” என்றார் பையனின் அப்பா.

சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இந்த ஆடுதான். இன்று நம் மாநில விலங்கு. தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டு 1,303. இதற்கென்று தனித் திட்டம் போட்டு அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. வால்பாறையை ஒட்டியுள்ள புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே காரிலிருந்து வாழைப்பழம் நீட்டினால் அது ஏன் பாலத்தில் போகப்போகிறது?

புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்தக் காட்டுச் சாலையில் வண்டி நுழைந்த நேரத்தை எழுதிக் கேரள வனத்துறை சீட்டுக் கொடுக்கும். மறுபக்கச் சாவடியில் அதைப் பார்ப்பார்கள். நடுவில் எங்காவது கடை விரித்து உட்கார்ந்தால் கேள்வி வரும். கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைக்கூட எண்ணி எழுதிக்கொள்வார்கள். அதே ஆனைமலைக் காட்டுத் தொடர்தான், அதே யானைகள்தான். அதை ஆழியாறு பாதையிலும் செய்யலாமே. வேகமாக ஓட்டி முன்னதாகவே மேலே போய்ச் சேருகிறவர்களும் அதில் மாட்டுவார்கள்.

அப்புறம், சனி ஞாயிறாவது ஒன்பதாவது வளைவிலும் புதுத்தோட்டத்திலும் ஆள் வேண்டும். காடர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகளில் இந்தக் காட்டை உள்ளங்கை போல அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சீருடையும் முறையான சம்பளமும் கொடுத்து நிறுத்தலாம். வண்டியை வளைவில் நிறுத்துகிறவர், தீனி போடுகிறவர் எல்லோருக்கும் அங்கேயே அபராதம் போட ஒரு வனக்காவலர் கூட இருந்தால் போதும்.

கோடை விடுமுறைக்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது. அதுவரை, மேலே போகிறவர்கள் தயவுசெய்து பாக்கெட்டை வால்பாறை போய்ச் சேர்ந்த பிறகு பிரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி