நிறுத்தி நிறுத்தித்தான் காட்டுகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வகுப்பறைக் காணொளிகளைப் பற்றி வெளியான கட்டுரையில், ‘யூடியூபை ஓடவிட்டு ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்’ என்றொரு வரி இருந்தது. 22 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். கோபத்தில் மரியாதை தவறிவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்தே இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் இதயத்தைப் பற்றி நடத்தும்போது நான் காட்டும் காணொளி நான்கே நிமிடம். அதை முடிக்க ஒரு பாடவேளை முழுவதும் ஆகிறது. இதயத்தின் கீழறைகளான வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கி, ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடிக்கொள்ளும் நொடியில் நிறுத்தி, இதயத்துடிப்பில் முதலில் கேட்கும் ‘லப்’ என்ற ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். இதயம் சுருங்கும் ஒலி என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். சற்றுப் பின்னே தள்ளி, ஒலியை அணைத்துவிட்டு மறுபடியும் காட்டுவேன். இந்த ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, ‘கதவு சாத்துற சத்தம் மாதிரியா மிஸ்?’ என்று கேட்டாள். கரும்பலகையில் நான் ஆண்டுக்கணக்கில் வரைந்த இதயத்தில் எந்த வால்வும் மூடியதில்லை.

அந்த நான்கு நிமிடம் வகுப்புக்கு வந்து சேரும் பாடு தாங்கள் அறியாததல்ல. புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடு 2018 முதலே வரத் தொடங்கிவிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊருக்கு நெட்வொர்க் இன்றுவரை ஒழுங்காக வரவில்லை. முந்தின இரவே என் சொந்த டேட்டாவில் பதிவிறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போகிறேன். நேரடியாக ஓட்டினாலோ, பாடத்தின் நடுவே நகைக்கடன் விளம்பரம் குறுக்கிடுகிறது. புரொஜெக்டர் பழுதானால் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். இவற்றைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரிகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின், கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்துவிட்டு வந்த என் மாணவர்களுக்குப் படங்கள் நினைவிலிருந்தன, ‘ஏன்?’ என்று கேட்டால் விழித்தார்கள். நடுவில் நிறுத்திக் கேட்க அங்கே ஆளில்லை. காணொளி மட்டுமே பாடம் நடத்திவிடாது என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதையே எங்கள் மீது பழியாகத் திருப்பியதுதான் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் மாணவர் பக்கத்தில் முன்பெல்லாம் பெரிய விளக்கப்படங்கள் வரும். வெட்டி வகுப்பில் ஒட்டி வைப்போம். ஓராண்டாக அந்த இடத்தில் கியூஆர் குறியீடு மட்டுமே வருகிறது, அதுவும் தாள் மடியும் இடத்தில். எங்கள் கைபேசிகளில் அது பிடிபடுவதே இல்லை. அதை மடிப்பிலிருந்து தள்ளி, கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு, காணொளியின் தலைப்பையும் அது ஓடும் நேரத்தையும் பக்கத்தில் குறிப்பிட்டால், இரவில் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ள எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்