தகுதிக் கட்டத்தில் மகளியலையும் எழுதுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் நிலையை ஆராயும் மகளியல் பாடம் நடத்துகிறவர்கள் எழுதுகிறோம்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான் சேர்க்கையின்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. வேலை இருக்கிறது. வழி அடைபடுவது பணி அறிவிப்பின் தகுதிக் கட்டத்தில். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்துக்கு வழக்குப் பணியாளர் எடுக்கும்போது சமூகப்பணி, உளவியல், சட்டம் என்று எழுதி நிறுத்திவிட்டால், மகளியல் பட்டம் முதல் பரிசீலனையிலேயே ஒதுங்கிவிடும். விண்ணப்பம் பிரிக்கும் உதவியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பட்டியலைத்தான் பார்ப்பார்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழ் நடந்த வன்முறையைப் பதிய நிரப்பும் முதலாம் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உடல், பாலியல், வசவும் மன உளைச்சலும், பொருளாதாரம் என்று தனித்தனிப் பகுதிகள். பழகாதவர் கையில் அது "குடித்துவிட்டு அடித்தார்" என்ற ஒரே வரியில் முடிந்துபோகும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வாங்கிய கூலியைப் பிடுங்கிக்கொண்டது, சொல்லாமல் நகையை அடகு வைத்தது, வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது எல்லாவற்றுக்கும் அதே படிவத்தில் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வாயிலிருந்து வரும். நகை பதிவாகாமல் போனால், அதே சட்டத்தின் 19(8)-ஆம் பிரிவின் கீழ் அதைத் திருப்பிக் கேட்கும் நாளில் வழக்கு தள்ளாடும். இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் மகளியல் வகுப்பில் பழக்குகிறோம்.

அடுத்த தடை அனுபவம். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 இதற்கு ஒரு வழி தருகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களின் புகார்களும், முதலாளிமீதே வரும் புகார்களும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகும். வட்டந்தோறும் ஒரு தொடர்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நம் ஆறு வட்டங்களிலும் அவருக்குத் துணையாக ஒரு மகளியல் பட்டதாரியை ஆறு மாதம் உதவித்தொகையோடு அமர்த்துங்கள். 16-ஆம் பிரிவு பெயர் வெளியிடுவதைத் தடுப்பதால், முதல் நாளே இரகசிய உறுதிமொழி வாங்கிவிட வேண்டும். முடிவில் என்னென்ன செய்தார் என்று விவரமாகச் சான்றிதழ் கொடுங்கள்; "பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரி எங்கும் செல்லுபடியாகாது.

நிறுவனங்களுக்குள் இதே வகைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராகலாமே என்பார்கள். விதி சொல்லும் படித்தொகை விசாரணை நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். அது பிழைப்பு ஆகாது.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு சொல்: பட்டம் வேறொரு பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை வேண்டுமென்றால் மாநில உயர்கல்வி மன்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தேர்வாணைய அறிவிப்பு வந்த பிறகு வாங்கிய அரசாணை அந்தத் தேர்வுக்கு உதவாது.

ஆட்சியர் அவர்களே, அடுத்த ஒப்பந்தப் பணி அறிவிப்பில் "சமூகப்பணி" என்ற சொல்லை அடுத்து "மகளியல்" என்று சேர்க்கக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மகளியல் ஆசிரியர்கள்,
நாகர்கோவில்