மகனுக்கு: கிளப் கேட்ட வேலை பற்றி

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். படியேற முழங்கால் இன்னும் நோகுது என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் கேட்டால் மட்டும் ‘எல்லாம் ஓகே அப்பா’. பிசியோவிடம் போவதை நிறுத்திப்போடாதே.

நீ கேட்டதைப் போனிலும் கதைக்கலாம். ஆனால் நான் ரெண்டு வசனம் சொல்ல முதல் ‘ஓம் அப்பா, விளங்குது அப்பா’ என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது.

டவுன்ஸ்வில்லில் உன் றக்பி லீக் கிளப், பதினெட்டு வயதுக்குட்பட்ட பெடியளுக்கு உதவிப் பயிற்றுநராக வா என்று கேட்கிறது. நீ இழுத்துக்கொண்டு நிற்கிறாய். பெரிய இடத்தில் விளையாடாத என் சொல்லை ஆர் கேட்பினம் என்கிறாய். கால் போனபடியால்தான் இதுக்கு வந்தவன் என்று நினைப்பினம் என்றும் சொல்கிறாய். நான் ஐவன் கிளியரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், கண்ணை உருட்டாதே. நீ பார்த்தது அவர் பயிற்றுவித்த பென்ரித் அணி தூக்கின நாலு கிண்ணத்தை. அதற்கு முந்தின கதை தொடங்கேக்கை நீ தொட்டிலில் கிடந்தாய்.

1998இல் அவர் ரூஸ்டர்ஸ் அணியின் ஃபுல்பேக், எல்லாருக்கும் பின்னுக்கு நிற்கிற ஆள். நாங்கள் டூங்காபியில் குடியேறின புதிது. இரவு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டால், பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் முட்டி மோதி விழுந்து எழும்புவினம். ஆறு தரம் பிடிபட்டால் பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவே ஒரு குளிர்காலம் போனது. உதை மட்டும் உடனே விளங்கினது. ஊரில் பந்தடிச்ச ஆளல்லவா. கிளியரி பந்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்னுக்கு நடந்து, அவசரமே இல்லாமல் வந்து உதைப்பார். அந்தப் பருவத்தில் மட்டும் 284 புள்ளி. 1978இல் மிக் குரோனின் எடுத்த 282, இருபது வருடமாக ஒருவரும் தொடாமல் கிடந்தது, அதைத் தாண்டினார். பேந்து 2004இல் ஹசெம் எல் மஸ்ரி 342 எடுத்து அதையும் முறித்தார்.

இவ்வளவு உதைத்த மனிதர் நாட்டு அணிக்கு ஆடினதில்லை. விளையாடின காலத்தில் ஒரு கிண்ணமும் எடுத்ததில்லை. கடைசி ஆட்டம் 2002 கிராண்ட் ஃபைனல், கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். நியூசிலாந்து வாரியர்ஸ் பக்கம் நின்று, முந்தித் தான் ஆடின அதே ரூஸ்டர்ஸிடம் 30-8 என்று தோற்றார். அதோடு பூட்ஸைக் கழற்றினார்.

பிறகு ரூஸ்டர்ஸின் இரண்டாம் தர அணிக்குப் பயிற்றுநர். அதற்குப் பிறகு வாரியர்ஸில் உதவிப் பயிற்றுநர், இப்ப உன்னைக் கேட்கிற அதே உத்தியோகம். 2006இல் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது. வந்த நேரம் எப்படி என்றால், ஆட்டக்காரரின் மொத்தச் சம்பளத்துக்கு வைத்த உச்சவரம்பை மீறினதுக்குத் தண்டனையாக வாரியர்ஸ் அந்தப் பருவத்தை நாலு புள்ளி கழிவோடு தொடங்கினது. ஆட்டம் தொடங்க முதலே பூச்சியத்துக்குக் கீழே. அந்த அணியை 2011இல் கிராண்ட் ஃபைனல் வரை கொண்டுபோய், மான்லியிடம் 24-10 என்று தோற்றார். இப்ப பார், ஆட்டக்காரனாக ஒரு தோல்வி, பயிற்றுநராக ஒரு தோல்வி, ரெண்டும் பருவத்தின் கடைசி நாளில்.

2012இல் பென்ரித்துக்கு வந்தார். 2014இல் கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு படி கீழே வரை போனார். 2015இல் காயங்கள், தோல்விகள். பருவம் முடிய வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அப்ப கிளப்பை நடத்தின ஃபில் கூல்ட், ஆள் களைத்துப்போய்த் தெரிகிறார் என்று காரணம் சொன்னார். ஒருவனை வேலையால் நிற்பாட்டச் சொல்லக்கூடிய காரணங்களில் இதைவிட மோசமானது இருக்குமா எனக்குத் தெரியாது. களைக்காத பயிற்றுநர் ஆர்?

எனக்கு இந்தக் கதையில் நெஞ்சில் நிற்கிற இடம் அதற்குப் பிறகு வருகிறது. தகப்பனை அனுப்பின அந்தக் கிளப்பிலேயே மகன் நேதன் தங்கினான். உன் வயதுப் பெடியன். 2016இல், பதினெட்டு வயதில், மெல்பேர்ண் ஸ்டோர்முக்கு எதிராக முதல் தர ஆட்டத்தில் இறங்கினான். தன்னைத் துரத்தின இடத்தில் தன் பிள்ளை வளருவதைத் தகப்பன் வெளியில் நின்று பார்க்க வேண்டும். ரோசத்தில் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற தகப்பன்மாரை நீயும் கண்டிருக்கிறாய், நானும் கண்டிருக்கிறேன். கிளியரி இழுக்கவில்லை.

ஆனால் அவரை ஒரேயடியாகத் தூக்கிவைத்துக் கொண்டாட நான் ஆயத்தமில்லை. 2017இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அவரை எடுத்தது. பஸ்ஸை நான்தான் ஓட்டுகிறேன், ஏற விரும்பினவர்கள் ஏறுங்கள் என்ற மாதிரி அங்கே பேசினார். அடுத்த வருடம் முடிய, ஒப்பந்தத்தில் இன்னும் ரெண்டு வருடம் இருக்க, பென்ரித் கூப்பிட்டதும் இறங்கிப் போய்விட்டார். மகனோடு சேர்ந்து வேலை செய்கிற ஆசை. அந்த ஆசை எனக்கு விளங்கும். ஆனால் நான் இந்த நகரத்தில் பஸ் ஓட்டிப் பிழைத்தவன். ஆட்களை ஏற்றிவிட்டுச் சாரதி நடுவழியில் இறங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை. டைகர்ஸ் ஆட்கள் இன்னும் அதை மறக்கவில்லை. மறக்கவும் தேவையில்லை. நீ ஒத்துக்கொண்டால் ஒரு பருவம் முழுக்க நிற்க ஏலுமா என்று பார்த்து ஒத்துக்கொள்.

2019இல் திரும்பி வந்த முதல் வருடம் பென்ரித் பத்தாம் இடம். அடுத்த வருடம் தொடர்ந்து பதினேழு வெற்றி, பிறகு கிராண்ட் ஃபைனலில் மெல்பேர்ணிடம் 26-20. அதில் நேதன் கொடுத்த பந்தை மெல்பேர்ணின் வுனிவாலு இடையில் பறித்து மைதானம் முழுக்க ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ட்ரை எடுத்தது நினைவிருக்கா? எல்லாரும் பார்க்க மகன் விட்ட பிழை, தகப்பன் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள். 2021இல் கொரோனாவால் இறுதி ஆட்டம் பிரிஸ்பேனுக்குப் போனது. அங்கே எதிரணி சவுத்ஸ் வீசின பந்தை ஸ்டீஃபன் கிரைட்டன் பறித்துக்கொண்டு ஓடினான், 14-12. முந்தின வருடம் எங்கே கிழிந்ததோ அதே இடத்தில் தைத்தாயிற்று.

2022ஐப் பற்றி நான் எழுதமாட்டேன். நாங்கள் பரமட்டா ஆட்கள். பென்ரித்திடம் 28-12 என்று தோற்றோம். அன்றைக்குப் புட்டு தொண்டையால் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

2023 கிராண்ட் ஃபைனலை நீ திரும்பப் பார்க்க வேண்டும், ஆனால் பந்தைப் பார்க்காதே. பிரிஸ்பேனின் எஸ்ரா மாம் மூன்று ட்ரை வைத்து 24-8 ஆக்கிவிட்டான். ஜரோம் லுவாய் தோளில் அடிபட்டு வெளியே போய்விட்டான். இனி முடிந்தது என்று நான் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனேன். கமெரா பயிற்றுநர்களின் பெட்டிக்குத் திரும்பினபோது கிளியரி அப்படியே இருந்தார். கத்தவில்லை, மேசையில் அடிக்கவில்லை. அங்கே இருந்து ஒரு பயிற்றுநர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். தண்ணி கொண்டு ஓடுகிற ஆளிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பலாம். மொத்தம் எட்டுத் தரம் ஆள் மாற்றலாம். மிச்சம் எல்லாம் செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை சொல்லிக்கொடுத்தது. அது பெடியளின் காலில் நிற்க வேண்டும். லியோட்டா ஒன்று, கிரைட்டன் ஒன்று, கடைசியில் நேதன் தானே இடைவெளி கண்டு ஓடித் தானே உதைத்து 26-24. 284 புள்ளி உதைத்த காலை மேசைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, வேறொருவன் உதைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த இருப்புத்தான் இந்த வேலை, தம்பி. உனக்கு அது ஏலுமா என்பதுதான் என் கேள்வி. நீ எந்தத் தரத்தில் ஆடினாய் என்பதை ஒருவரும் ரெண்டாம் கிழமைக்குப் பிறகு கேட்கப்போவதில்லை.

கிண்ணங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஒவ்வொரு வருடமும் அவர் ஆட்களை இழந்தது. வென்ற அணியில் எல்லாருக்கும் விலை கூடும்; உச்சவரம்பு இடம் கொடுக்காது. பர்ட்டன் போனான், கிக்காவும் கொரொய்சாவும் போனார்கள், கிரைட்டன் போனான், லுவாயும் ஃபிஷர்-ஹாரிஸும் போனார்கள். ஒவ்வொரு கோடையிலும், அந்த மலையடிவார வெயிலில் (2020 ஜனவரியில் 48.9 பாகை காட்டின ஊர்), உள்ளூர்ப் பெடியளை எடுத்துத் திரும்பக் கட்டுவார். 2024இல் மெல்பேர்ணை 14-6 என்று வென்று தொடர்ந்து நாலாவது. செயின்ட் ஜோர்ஜ் 1956 முதல் 1966 வரை விடாமல் வென்றதற்குப் பிறகு இதை ஒருவரும் செய்யவில்லை. 2025இல் பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்தும், அரையிறுதிக்கு ஏறி, பிரிஸ்பேனிடம் ரெண்டு புள்ளியால் தோற்றார்கள்.

உதவிப் பயிற்றுநர் என்றால் தண்ணிப் போத்தல் தூக்கிறவன் என்று நினையாதே. கிளியரிக்குக் கீழே இருந்த சிரால்டோ இப்ப புல்டோக்ஸின் தலைமைப் பயிற்றுநர். இன்னொருவர், அண்ட்ரூ வெப்ஸ்டர், வாரியர்ஸுக்குப் போன முதல் வருடமே அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநர் ஆனார். அவர் ஆட்டக்காரனாகப் பெயர் எடுத்தவர் இல்லை.

இனி அம்மா கேட்கச் சொன்னது. பள்ளிக்கூட வேலையை விடுகிற யோசனை இருக்கா? இருந்தால் இப்பவே கைவிடு. கிளியரியையே அனுப்பின தொழில் இது. வேய்ன் பெனற், அவ்வளவு பெரிய மனிதர், குயின்ஸ்லாந்துப் பொலிஸில் வேலை செய்துகொண்டே பயிற்றுநர் ஆனவர். நீ கணிதம் படிப்பித்துக்கொண்டே பின்னேரம் மைதானத்துக்குப் போ.

காசு விசயம் கேட்கக் கூச்சப்படுகிறாய் என்றும் அம்மா சொன்னா. இந்த விளையாட்டே கூலிச் சண்டையில் பிறந்ததடா. 1895இல் இங்கிலாந்தின் வடக்கில், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் சம்பளம் வெட்டு. அந்த இழப்புக்குக் காசு கொடு என்று கிளப்புகள் கேட்டன, றக்பி சங்கம் மாட்டேன் என்றது, ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து வந்தார்கள். நீ பெற்றோல் காசு கேட்டால் ஒருவரும் முகம் சுழிக்கக்கூடாது.

என் எண்ணத்தைக் கேட்டால், ஒத்துக்கொள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்ஸில் சேறோடு வந்து, வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரக் காலுறையோடு கடைசி வாங்கில் இருப்பாய். பின்னுக்கு இருந்த சின்னப் பெடியளுக்குப் பந்தை எப்படிக் கைக்குள் அணைத்துப் பிடிப்பது என்று கொப்பியைச் சுருட்டிக் காட்டினதாக ரீச்சர் முறைப்பாடு சொன்னா. அதனால்தான் சொல்கிறேன்.

முடிவு எதுவென்றாலும் கிளப்புக்கு இந்தக் கிழமையே சொல்லிவிடு. ஆட்களைக் காக்க வைப்பது சரியில்லை. மிளகாய்த்தூள் பார்சலில் வருகிறது. அம்மா இந்தமுறை உறைப்பைக் குறைத்திருக்கிறா, பிறகு குறை சொல்லாதே. முதல் ஆட்டம் எப்ப என்று தெரிந்தால் திகதியை அனுப்பு, விமான டிக்கெட்டை விலை ஏற முதல் எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா